ரெஜைனாவில் இறங்கியவன்

வினிபெக்,
21 யூலை 2024

தம்பி றொனால்ட்,

நலம் விசாரிக்கும் வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நலமாகத்தான் இருப்பாய். ஒருவருக்கும் சொல்லாமல் விமானம் ஏறுகிற அளவுக்குத் தெம்பு இருந்திருக்கிறதே.

தொலைபேசியை எடுக்கிறாய் இல்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. ஜேர்மனியில் அகதிகள் விடுதியில், அந்த ஹைமில், ஒரே அறையில் கிடந்த காலத்தில் ஊருக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதியவர்கள் நாங்கள். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. கடிதத்தை நீ எடுக்காமல் விட முடியாது. தபால்காரன் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எங்கே பிழை விட்டேன் என்று நீயே சொல். "ஒருநாள் ரெண்டு பேருமாக் கார் ஓடி மலை பாக்கப் போவம் அண்ணை" என்று முப்பத்திரண்டு வருடமாகத் தொலைபேசியில் சொன்னவன் நீ. உனக்காக நானும் இந்த நாட்டில் இருந்துகொண்டே அந்த மலையைப் பார்க்காமல் வைத்திருந்தேன். மகள் சிவானுஜாவிடம் கெஞ்சிக் காரை வாங்கினேன். புளிச்சோறு கட்டினோம். பிராண்டனில் கோப்பி குடித்தோம். பிறகு அந்த வெளி. "அண்ணை, இது முடியவே முடியாதோ?" என்று வாயைப் பிளந்தாய். இரண்டு பக்கமும் மஞ்சள் பூ, வானம் இறங்குகிற இடம் வரைக்கும். ஒரு சரக்கு ரயில் எங்களோடு கூடவே வந்தது. நீ சின்னப் பிள்ளை மாதிரிப் பெட்டிகளை எண்ணினாய். நூற்றி நாற்பதில் விட்டுவிட்டாய்.

மத்தியானம் ஒரு தானியக் கோபுரத்தின் நிழலில் நிறுத்திச் சாப்பிட்டோம். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. ரெஜைனாவில் மோட்டலில் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் உன் கட்டிலில் போர்வை மடித்து வைத்திருக்கிறது. அதன்மேல் ஒரு துண்டு. "மன்னியுங்கோ அண்ணை. எனக்கு ஏலாது."

என்ன ஏலாது? என்னோடு இருக்க ஏலாதா? நீ டாக்சி பிடித்து விமான நிலையம் போனதாக வரவேற்பு மேசைக்காரி சொன்னாள். எனக்கு முன்பே தெரிந்த மாதிரித் தலையாட்டினேன். அந்த வெட்கம் உனக்கு விளங்காது.

மலைக்கு நான் போகவில்லை. பாதி வழிகூட வராமல் திரும்பிவிட்டேன். கார் ஓடும்போது எனக்கு வாய் அதிகம்தான். உன்னை நோகப்பண்ணும்படி ஏதாவது சொல்லியிருந்தால் எழுது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

குணசேகரம்

*

கார்ல்ஸ்ரூஹே,
6 ஓகஸ்ட் 2024

அன்பும் மதிப்பும் உள்ள குணம் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை. முதலில் அதை நம்புங்கள்.

அன்று இரவு எனக்கு வயிறு சரியில்லாமல் போய்விட்டது. அதோடு வீட்டில் மனைவி பேர்பெச்சுவாவுக்கும் சுகமில்லை என்று செய்தி வந்தது. நீங்கள் களைத்துப்போய் நித்திரை கொண்டீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். செய்தது பிழைதான்.

இங்கே வெக்கை தாங்க முடியவில்லை. பேக்கரியில் அடுப்புக்கு முன்னால் நின்றால் தலை சுற்றுகிறது. இன்னும் ஐந்து வருடம் வேலை செய்தால் ஓய்வூதியம் என்கிறார்கள். புளிச்சோறு மிகவும் நன்றாக இருந்தது. அந்த மஞ்சள் வெளியையும் நான் மறக்கமாட்டேன்.

(இங்கே நான்கு வரி வெட்டப்பட்டிருக்கிறது.)

வெட்டினதற்குக் குறை நினைக்க வேண்டாம். பேனை சரியில்லை. பிள்ளைகள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி
றொனால்ட்

*

வினிபெக்,
21 ஓகஸ்ட் 2024

றொனால்ட்,

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு? வயிற்றுக்குத்துக்கு ஒருவன் கடைக்குப் போய்க் குளிசை வாங்குவான். ஏழாயிரம் கிலோமீற்றர் பறக்கமாட்டான்.

பேர்பெச்சுவாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றா. "அவர் வந்த நாளிலயிருந்து சரியாச் சாப்பிடுறேல்லை, நீங்கள்தான் அவரோட சண்டை பிடிச்சியளோ?" என்று என்னிடமே கேட்டா. நன்றாக இருக்கிறது கதை.

நீ வெட்டின நான்கு வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு சொல் மட்டும் தெரிந்தது. யோசேப்பு. அவனுடைய பெயர் உன் கடிதத்தில் எதற்கு? எங்கள் அறையில் மூன்றாவது கட்டிலில் படுத்திருந்து, எல்லாருடைய ஜேர்மன் கடிதங்களையும் வாசித்துத் தருகிறேன் என்று நல்லபிள்ளை வேடம் போட்டு, என் அகதி வழக்குக் கதையை யாருக்கோ விற்றவன். அவனால்தான் எனக்கு அங்கே இடம் இல்லாமல் போனது. அன்று சாப்பிடும்போது நான் அவனுக்குக் கொடுத்த மருந்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கா முகம் கறுத்தாய்? நீயும் மன்னார், அவனும் மன்னார் என்ற பாசமா?

உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே. வெக்கையைப் பற்றி எனக்கு வானிலைச் செய்தியில் சொல்வார்கள்.

குணசேகரம்

*

கார்ல்ஸ்ரூஹே,
5 செப்ரெம்பர் 2024

குணம் அண்ணை,

யோசேப்பு அண்ணை உங்கள் கதையை விற்கவில்லை. எடுத்தது நான்.

இந்த இரண்டு வசனத்தை எழுதுவதற்கு மூன்று நாள் போய்விட்டது. முன்னால் என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். எல்லாம் எனக்கே நியாயம் பேசுகிற மாதிரி இருந்தன, கிழித்துவிட்டேன்.

1990. விசாரணைக்குக் கூப்பிட முன்பு ஒவ்வொரு பின்னேரமும் என்னை எதிரே இருத்தி உங்கள் கதையைச் சொல்லிப் பார்ப்பீர்கள். "கேட்டுப் பார் றொனால்ட், எங்கயும் தடுமாறினால் சொல்லு." இராணுவ முகாமில் நாற்பத்தொரு நாள். உங்களைச் சிங்களத்தில் 'மல்லி', தம்பி என்று கூப்பிட்டுக் களவாக வெறுந்தேத்தண்ணி தந்த நொண்டிக்கால் சிப்பாய். நீங்கள் தடுமாறினால் நான் அடியெடுத்துக் கொடுப்பேன். அவ்வளவுக்குப் பாடமாகிவிட்டது.

என் விசாரணை உங்களுடையதற்கு ஐந்து கிழமை முந்தி வந்தது. எனக்குச் சொல்ல என்ன இருந்தது? அப்பாவின் வள்ளத்தை எரித்தார்கள். நாங்கள் மடு மாதா கோயிலுக்கு ஓடினோம். என்னை ஒருவரும் பிடிக்கவில்லை, அடிக்கவில்லை. அடிபடாதவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஹைம் முழுக்கக் கதை. ஊரில் மகள் நடாலி பிறந்து நாலு மாதம். படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை. அதிகாரி "சொல்லுங்கள்" என்றார். வாயைத் திறந்தேன், உங்கள் கதை வந்தது. நொண்டிக்கால் சிப்பாயும் வந்தான், தேத்தண்ணியும் வந்தது. ஒரு இடத்திலும் நான் தடுமாறவில்லை.

பிறகு நீங்கள் போனீர்கள். "இந்தத் தேத்தண்ணிக் கதையை இங்கே ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்" என்று அதிகாரி சொன்னதாக வந்து என் கட்டிலில் இருந்து அழுதீர்கள். முதுகில் தழும்பு இருந்த உங்களை நம்பவில்லை. தழும்பு இல்லாத என்னை நம்பினார்கள். உங்களுக்கு நான்தான் தண்ணீர் கொண்டுவந்து தந்தேன்.

நீங்கள் யோசேப்பு அண்ணையைச் சந்தேகப்பட்டு எல்லாருக்கும் முன்னால் அடித்தபோதும் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நீங்கள் கனடாவுக்குப் போய் நன்றாக இருக்கிறீர்கள், இனிச் சொல்லி என்ன என்று நினைத்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒருமுறை சொன்னேன். "அந்தச் சகோதரனிடம் போய்ச் சொல்லும்" என்றார். அதற்குப் பிறகு வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போகத் தொடங்கினேன். இப்படிப்பட்டவன் நான்.

யோசேப்பு அண்ணை கல்யாணம் செய்யாமல் தனியாக இருப்பது அவருடைய குணம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்று நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டு சிரித்தபடி சொன்னது ஒரு சொல் தப்பாமல் காதில் நிற்கிறது. "யோசேப்புக்குப் பேசின பெட்டை, அந்தப் பிறேமான்ர தேப்பனுக்கு நான்தான்ரா மொட்டைக் கடிதம் எழுதினனான். அவன் காட்டிக் குடுக்கிறவன், ஜேர்மன்காரியோட குடும்பம் நடத்துறான் எண்டு. கொழும்புக்குப் போன ஒராளிட்டக் குடுத்து அங்க தபாலில போடுவிச்சனான். பெட்டை அவனைத்தான் கட்டுவன் எண்டு அழுதவளாம். தேப்பன் விடேல்லை."

நான் மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டேன். ரெஜைனா வரும்வரை உங்கள் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு ஊர்ப் பலகை வரும்போதும், அடுத்த பலகைக்குச் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன். அந்த வெளியில் ஒளிந்துகொள்ள ஒரு மரம்கூட இல்லை. நீங்களோ மலையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தீர்கள். என்னால் உங்களோடு நின்று அந்த மலையைப் பார்க்க முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மன்னிப்பீர்களா என்று கேட்க வாய் வருகிறது. கேட்டும்விட்டேன்.

றொனால்ட்

*

ரெஜைனா,
24 செப்ரெம்பர் 2024

றொனால்ட்,

'தம்பி' என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தை வாசித்தபின் வீட்டில் இருக்க முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு தனியே வந்துவிட்டேன். அதே மோட்டல். மஞ்சள் எல்லாம் முடிந்து இப்போது அறுவடை, வெளி முழுக்கப் புழுதி. பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லை என்ற வசதியில் வழிநெடுக உன்னைப் பேசித் தீர்த்தேன். எழுத முடியாத சொல்லெல்லாம் சொன்னேன். ஒருமுறை சத்தம் போட்டதில் எனக்கே பயம் வந்து, காரை ஓரம் கட்டிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னேன்.

'வாயைத் திறந்தேன், உங்கள் கதை வந்தது' என்று எழுதுகிறாய். கதை தானாக வராது. நீ சொன்னாய். நான் அழுதபோது நீ தந்த தண்ணீரைக் குடித்தேனே, அதுதான் இன்றைக்கு எரிகிறது. அடி வாங்கினவன் நான். முப்பத்திநான்கு வருடமாக என் அடியை வைத்து நீ அங்கே குடியிருக்கிறாய்.

என்னிடம் கேட்டிருந்தால் தந்திருப்பேனா என்றும் யோசித்தேன். தந்திருக்கமாட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நித்திரை வருகிறது. மிச்சம் பிறகு.

கன்மோர்,
26 செப்ரெம்பர்

மலை வந்துவிட்டது. கல்கரிக்குக் கிட்ட வந்தும் முகில் என்றுதான் நினைத்தேன். முகில் அசையவில்லை. வீதியோரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வடிவுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சந்தோசம் வரவில்லை.

ரெஜைனா வரைக்கும் உன்னோடு சண்டை பிடித்தேன் அல்லவா? அதற்குப் பிறகு யோசேப்பு வந்து மனதில் இருந்துவிட்டான். அவனோடு சண்டை பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நீ செய்தது பயத்தில் செய்தது. நான் செய்தது? மொட்டைக் கடிதம் எழுதியபோது எனக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி இருந்தது, வேலை இருந்தது, மனைவி பக்கத்தில் இருந்தா. ஒரு பயமும் இல்லை. கையெழுத்துத் தெரியக் கூடாது என்று இடது கையால், ஆறுதலாக, இரண்டு இரவு இருந்து எழுதினேன். யோசேப்பு விற்றான் என்று யார் எனக்குச் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நானே சொன்னேன், நானே நம்பினேன். ஜேர்மன்காரி என்று ஒருத்தியையும் நானே உண்டாக்கினேன். அதைப் பிறகு ஆட்களுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், றொனால்ட். உனக்கும் அப்படித்தான் சொன்னேன்.

உன்னை மன்னிக்கிறேனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது பிறகு பார்க்கலாம். முதலில் நீ பிராங்பேர்ட்டுக்கு, யோசேப்பின் வீட்டுக்குப் போ. அவன் முன்னால் இருந்து உன் வாயால் சொல். தொலைபேசியில் வேண்டாம். இந்த உறைக்குள் இன்னொரு உறை வைத்திருக்கிறேன், அது அவனுக்கு. ஒட்டவில்லை, நீயும் வாசிக்கலாம். வலது கையால் எழுதி, என் பெயரும் விலாசமும் போட்டிருக்கிறேன். அவன் அடித்தால் எனக்கும் சேர்த்து வாங்கிக்கொள்.

குணசேகரம்

*

கார்ல்ஸ்ரூஹே,
14 ஒக்ரோபர் 2024

குணம் அண்ணை,

நேற்று ஞாயிற்றுக்கிழமை போனேன். இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்காமல் மூன்று நிலையம் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்தேன். ஓடுவது எனக்குப் பழகிவிட்டது.

யோசேப்பு அண்ணை மூன்றாம் மாடியில் இருக்கிறார். நான் போனபோது குசினி மேசையில் ஒரு சிரியாக்காரப் பெண் இருந்தா. ஏதோ அலுவலகத்திலிருந்து அவவுக்கு வந்த கடிதத்தை வரி வரியாக வாசித்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தை அவர் விடவே இல்லை. அவ போனபின் தேத்தண்ணி ஊற்றினார். "என்னடா, செத்தவீடு சொல்ல வந்த மாதிரி இருக்கிறாய்?" என்றார்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "உன்ர முடிவுக் கடிதத்தை ஆர் வாசிச்சுத் தந்தது? 'கிடைச்சிட்டுது' எண்டு உனக்குச் சொல்லேக்க, உள்ளுக்க இருந்ததையும் வாசிச்சிட்டுத்தான் சொன்னனான். குணத்தான் உனக்குச் சொல்லிப் பாத்த கதையை நானும் பக்கத்துக் கட்டில்ல கிடந்து கேட்டனான்தானே."

"அப்ப ஏன் அண்ணை சொல்லாமல் விட்டனீங்கள்?"

"சொன்னால் உனக்குத் தந்ததைப் பறிப்பாங்கள். அதுக்காகக் குணத்தானுக்குக் குடுக்கவும் மாட்டாங்கள். ரெண்டு பேரையும் ஏத்தி அனுப்பவோ?" பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆனா அவன் எனக்கு அடிக்கேக்க நீ கதவடியில நிண்டனி. உன்னைப் பாத்தனான், ஒரு சொல்லாவது சொல்லுவாயெண்டு. நீ உன்ர செருப்பைப் பாத்துக்கொண்டு நிண்டாய்."

கதவடியில் நின்றதை உங்களுக்கு நான் எழுதவில்லை. அடித்தபோது சொல்லவில்லை என்று மட்டும் எழுதியிருந்தேன். அதையும் இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவ்வளவுதான், கடினமான பகுதி முடிந்துவிட்டது என்று நினைத்தேன், அண்ணை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மனம் கொஞ்சம் இலேசாகக்கூட இருந்தது. பிறகு உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய் மறுபடி வாசித்தார்.

"என்ன மொட்டைக் கடிதம்?" என்றார்.

அவருக்குத் தெரியாது, அண்ணை. முப்பது வருடமாகத் தெரியாது. பிறேமாவின் தகப்பன் அவருக்கு இரண்டு வரிதான் எழுதியிருக்கிறார். மகளுக்கு விருப்பமில்லை, மன்னிக்கவும் என்று. அதற்கு முன் ஒரு வருடமாக இரண்டு பேரும் கடிதம் எழுதியிருக்கிறார்கள். "என்ர படத்தைப் பாத்திட்டு மனம் மாறியிருப்பாள் எண்டு நினைச்சனான்," என்றார். "என்னட்ட ஏதோ குறை இருக்கு, அது அவளுக்குத் தெரிஞ்சு போச்சு எண்டு. பிறகு ஆரைப் பேசினாலும் வேண்டாமெண்டு விட்டனான். இன்னொருக்காவும் அப்பிடிக் கேக்க எனக்கு ஏலாது."

பிறகு கேட்டார், "அப்ப பிறேமா என்னை வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை அண்ணை. உங்களைத்தான் கட்டுவன் எண்டு அழுதவவாம்."

கடிதத்தை மேசையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் எழும்பிச் சப்பாத்தைப் போட்டேன். நான் படியில் கால் வைத்தபோது பின்னால் வந்து என் கையைப் பிடித்தார். திட்டப்போகிறார், அல்லது அடிக்கப்போகிறார் என்று நின்றேன்.

"றொனால்ட், உன்ர விசாரணைக் கதையை நான் முழுக்க வாசிச்சவன்," என்றார். "ஒரு இடத்திலயும் பொய்யெண்டு தெரியேல்லை. அதுதான் கேக்கிறன். இப்ப நீ சொன்னது உண்மையோ? அவள் அழுதவளோ?"

உண்மை என்றேன். அந்தோனியார் மேல் சத்தியம் செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நம்பவில்லை, அண்ணை.

நீங்கள் வாருங்கள். நீங்கள் வந்து சொன்னால் நம்புவார்.

றொனால்ட்